முன்னிசைக்கு நடுவே குத்துவிளக்கு

கிளடிஸ் அன்ரி என்ன வேலை செய்தவர் என்று ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் "பியானோ ரீச்சர்" என்பார்கள். அது பொய்யில்லை. பகலில் அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமைகளில் வீட்டில் பியானோ வகுப்பும் எடுத்தார். ஆனால் இருதய சத்திரசிகிச்சை செய்கிற டொக்டரை "ஊசி போடுகிறவர்" என்று சொல்வது எவ்வளவு சரியோ, இதுவும் அவ்வளவுதான் சரி. அவர் ஒப்பெரா நடத்துநர். அந்தச் சொல்லை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் போட்டு எழுத இதுவரை ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஒப்பெரா என்பது கதை முழுவதையும் பாட்டாலேயே கொண்டுபோகும் மேற்கத்திய இசை நாடகம். மேடையில் பாடகர்கள், மேடைக்குக் கீழே வாத்தியக் குழு. இரண்டுக்கும் நடுவில், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு சிறு கோலோடு நிற்பவர்தான் நடத்துநர். எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், யார் எங்கே மூச்செடுப்பது, எந்த வாத்தியம் எந்த இடத்தில் அடங்குவது எல்லாம் அந்தக் கைக்குள் இருக்கும். அவர் மட்டும் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. அதனால் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் அன்ரி தன் வேலையைச் சொன்னால், "கண்டக்டரோ? எந்த பஸ்ஸிலை அன்ரி?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். முதல் இரண்டு வருடம் அவரும் கூடச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். அதன்பின் அவருக்குத் தலைக்கனம் என்று ஒரு பேச்சும் வந்தது.

அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அன்ரி கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்து, லண்டன் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணி, படித்த கொன்வென்ரிலேயே இசை ஆசிரியையாக இருந்தார். பாடகர் குழுவை நடத்தினார். அந்தக் குழுவில் பாடியவர்களில் அரைவாசிப் பேர் இன்று உலகத்தின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கிறார்கள். 1987இல் கணவர் அமிர்தநாதரோடு ரொறன்ரோவுக்கு வந்து வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் குடியேறினார். அமிர்தநாதருக்கு ஒரு கட்டிடத்தில் செக்கியூரிட்டி வேலை. அன்ரிக்கு முதலில் கிடைத்தது, நடனப் பள்ளியொன்றில் சிறுமிகள் கால் தூக்குவதற்குப் பியானோ அடிக்கும் வேலை.

அங்கிருந்துதான் நகரின் நடுப்பகுதியில் இயங்கிய ஒரு சிறிய ஒப்பெராக் குழுவுக்குப் போனார். அதன் பெயர் வேண்டாம். இப்போது அந்தக் குழுவே இல்லை. ஒப்பெராவில் வாத்தியக் குழு கடைசி வாரத்தில்தான் வந்து சேரும். அதுவரைக்கும் இரண்டு மூன்று மாதம் பாடகர்கள் ஒரே ஒரு பியானோவோடுதான் பயில வேண்டும். அந்தப் பியானோ வயலினாகவும் இருக்க வேண்டும், குழலாகவும் இருக்க வேண்டும், இடி முழக்கமாகவும் இருக்க வேண்டும். அதை வாசிப்பவர் முழு ஒப்பெராவையும் விரலில் வைத்திருக்க வேண்டும். பாடகர் எங்கே தடுக்குவார் என்று அவர் தடுக்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அன்ரி நான்கு வருடம் அந்த வேலை செய்தார். பியானோவுக்கு முன்னால் இருந்தபடியே, வந்துபோன ஒவ்வொரு நடத்துநரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய இடது கை வீணாக ஆடுகிறது, அவர் மூச்செடுக்க இடம் தருவதில்லை என்று மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தார். நடத்துவதை அவருக்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிப் பார்த்துத்தான் படித்தார்.

1992இல், அரங்கேற்றத்துக்கு முந்திய வாரம், அந்தக் குழுவின் நடத்துநர் காய்ச்சலில் விழுந்தார். அன்ரி கோலை எடுத்தார். வாத்தியக் குழுவோடு முதல் ஒத்திகை, உடை போட்ட கடைசி ஒத்திகை எல்லாவற்றையும் அவரே நடத்தினார். ஒன்றும் பிழையாகப் போகவில்லை. ஆனால் அரங்கேற்ற நாள் காலை முகாமையாளர் அவரைத் தனியே கூப்பிட்டு, ஹமில்ரனிலிருந்து ஒருவர் வருகிறார், இன்றைக்கு அவர் நடத்துவார் என்றார். காரணம் கேட்டபோது, வாத்தியக்காரர்கள் பழகிய முகத்தை எதிர்பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. நான்கு நாளாக அவர்கள் பார்த்துப் பழகிய முகம் அன்ரியின் முகம்தான். ஹமில்ரன்காரரை அவர்களில் ஒருவரும் முன்பின் கண்டதில்லை.

அதோடும் விடவில்லை. இசையில் எந்தப் பகுதி வெட்டியிருக்கிறது, எங்கே வேகம் மாறுகிறது என்று வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் அன்ரிதான். மாலையில் மேடைக்குப் பக்கத்து இருட்டில் நின்று, ஒரு சின்ன ரோர்ச் லைற்றைக் கோலாகப் பிடித்துக் கோரஸை நடத்தியதும் அன்ரிதான். வந்தவரின் கை கோரஸுக்குப் பிடிபடவில்லை. அடுத்த நாள் ஆங்கிலப் பத்திரிகை கோரஸைப் புகழ்ந்து, அதற்காக ஹமில்ரன்காரரைப் பாராட்டியிருந்தது.

அன்ரி அந்த வேலையை விட்டார். அமிர்தநாதர் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவருக்கு அன்ரி சொன்ன பதிலை அமிர்தநாதரே பிறகு எங்களுக்குச் சொன்னார்:

"நான் ஒண்டைத் தொடக்கத்திலையிருந்து முடிவு மட்டும் நடத்த வேணும். ஒருத்தரும் இடையிலை புடுங்கக்கூடாது. ஒண்டே ஒண்டு போதும்."

இதைவிடப் பெரிதாக அவர் எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

1994இல் டோர்செட் பார்க்கில் தான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒன்றின் இசை அறையைச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கேட்டு வாங்கி, பாட விருப்பமுள்ள தமிழர் எல்லாரும் வரலாம் என்று கடைகளில் காகிதம் ஒட்டினார். கோவில் பாடகர் குழுக்களிலிருந்து வந்தோம். தேவாரம் பாடுகிறவர்களும் வந்தார்கள். தொழிற்சாலை ஷிப்ற் முடித்து நேராக வந்தவர்களும் இருந்தார்கள். எடுத்துக்கொண்டது பழைய இத்தாலிய ஒப்பெரா ஒன்று, இரண்டு அங்கம். டக்ஸி ஓடிக்கொண்டே கோவில் பாட்டுகள் எழுதும் அன்புராசா அதற்குத் தமிழில் வார்த்தை போட்டார். கதையை மன்னார் உப்பளத்துக்கு மாற்றினார். மழை முந்தி வந்து ஒரு ஊரின் உப்பு முழுவதும் கரைந்துபோகிற கதை.

அன்ரியோடு வேலை செய்வது லேசானதல்ல. இத்தாலிய மெட்டில் ஒரு சுரம் நீண்டால், அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லின் நெடில்தான் விழ வேண்டும். குறிலை இழுத்தால் தமிழ் செத்துப்போகும் என்பார். அன்புராசா ஒரு நீண்ட சுரத்தில் "கடல்" என்று எழுதிக்கொண்டு வந்தார். பாடிப் பார்த்தபோது அது "காஅடல்" என்று வந்தது.

"அன்புராசா, உது என்ன சாமான்?"

"கடல் அன்ரி."

"கடல் இப்பிடியோ கிடக்கும்? வேறை சொல்லுத் தாரும்."

"அன்ரி, மன்னாரிலை கடலை விட்டால் வேறை என்ன இருக்கு?"

"மேலை பாரும். வானம் இருக்கு."

'வானம்' அந்தச் சுரத்தில் போய் இருந்தது, அதற்கென்றே செய்ததுபோல. அன்புராசா அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அதன் பிறகு டக்ஸியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இடைவெளியிலும் நெடில் குறில் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உப்பள முதலாளியாகப் பாடிய வாகீசன் தேவாரம் பாடிப் பழகியவர். ஒரு சுரத்தில் நின்றால் அதை அசைக்காமல் அவரால் நிற்க முடியாது. "உந்தச் சுரத்தை ஆட்டாதையும் வாகீசன், அது நித்திரை கொள்ளட்டும்" என்று அன்ரி சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலமே போனது. கதாநாயகி நிரோஷினி. முதியோர் இல்லத்தில் வேலை, யூனிபோர்மோடுதான் வருவாள். வாய் திறந்தால் அறைக்குள் இருக்கிற எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். அவளைக்கூட அன்ரி ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. "சரி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் உயிரைவிடத் தயாராக இருந்தோம்.

இரண்டு வருடத்தில் பாட்டு ஆயத்தமாகிவிட்டது. வாத்தியக் குழுவும் சேர்ந்தது: ஓய்வுபெற்ற வாத்தியக்காரர்கள் சிலர், அன்ரியோடு வேலை செய்த இசை ஆசிரியர்கள், இரண்டு மூன்று பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஒருவரும் தமிழரில்லை. அன்ரியில் இருந்த மதிப்பினால் வந்தவர்கள். இனி வேண்டியது மண்டபமும் அதற்கான உதவியும்தான். கலைகளுக்கு உதவி தருகிற காரியாலயம் ஒன்றுக்கு அன்ரி போனார். ஒப்பெராவைக் கவனிக்கிறவர், இது தமிழில் இருக்கிறது, பல்பண்பாட்டுப் பிரிவுக்குப் போங்கள் என்றார். பல்பண்பாட்டுப் பிரிவில் இருந்தவர், இது இத்தாலிய இசை, உங்கள் பண்பாடு இதில் எங்கே என்று கேட்டார். ஒரே கட்டிடம், இரண்டு மாடி. எங்களுடைய பண்பாடு எது என்பதை அந்த இரண்டு மாடிகளும் சேர்ந்து தீர்மானித்திருந்தன.

அப்படித்தான் சண்முகலிங்கத்திடம் போக வேண்டிவந்தது. அவர் ஸ்காபரோவில் ஒரு கலை மன்றத்தின் தலைவர். தொழில் வீடு விற்பது. அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபத்தை மன்றத்தின் பெயரில் எடுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். பேச்சுவார்த்தை அன்ரியின் வீட்டில் நடந்தது. விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு நிபந்தனை வைத்தார். டிக்கெற்றில் ஆறரை என்று போட்டிருந்தால் ஆறரைக்குத் தொடங்குவேன். விளக்கேற்றுவதென்றால் அதற்கு முன்னர் ஏற்றுங்கள். பேசுவதென்றால் எல்லாம் முடிந்த பிறகு பேசுங்கள். நான் தொடங்கியது முதல் முடிக்கும் வரைக்கும் ஒருவரும் மேடையில் ஏறக்கூடாது.

"ஓம் அன்ரி, ஓம். நீங்கள் தொடங்கினாப் பிறகு ஒரு காகமும் பறவாது" என்று சண்முகலிங்கம் சொன்னார்.

இந்த வாக்கை அவர் வேண்டுமென்று மீறினார் என்று நான் சொல்லமாட்டேன். நடந்தது அதைவிட மோசம். தான் அதை மீறியதாகவே அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

1996 ஒக்ரோபர், முதல் சனிக்கிழமை. ஆறரைக்கு மண்டபம் அரைவாசிதான் நிறைந்திருந்தது. பிரதம விருந்தினர், பல் வைத்தியர் நவரட்ணம், மில்லிக்கனிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. சண்முகலிங்கம் மாலையோடு கார் பார்க்கில் நின்றார். அன்ரி கறுப்புச் சேலையில் வந்து, மேடைக்குக் கீழே வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று, கோலைத் தூக்கினார். விளக்குகள் அணைந்தன. முன்னிசை தொடங்கியது.

முன்னிசை என்றால் திரை திறக்கும் முன்னர் வாத்தியக் குழு மட்டும் தனியே வாசிக்கிற பகுதி. எங்களுடைய ஒப்பெராவில் அது எட்டு ஒன்பது நிமிடம். வரப்போகிற மழை, கரையப்போகிற உப்பு எல்லாம் அதற்குள் இருந்தது. முடிவில் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கிற ஒரு சுரக்கூட்டு நீளமாக நிற்கும். அது நிற்கும்போதே, மூடிய திரைக்குப் பின்னால் இருந்து கோரஸ் மெல்லத் தொடங்க வேண்டும்; அதன் பிறகுதான் திரை விலகும். நாங்கள் சுரம் பிடிப்பது அந்தச் சுரக்கூட்டிலிருந்துதான். அது தவறினால் எங்களுக்குப் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் எத்தனை தரம் பயின்றிருப்போம் என்று சொல்ல முடியாது.

நாங்கள் திரைக்குப் பின்னால் உப்புக் கூடைகளோடு மூச்சைப் பிடித்து நின்றோம். மழை வருகிற இடம் வந்தது. திடீரென்று திரையின் கீழ்விளிம்பில் வெளிச்சம் தெரிந்தது. மண்டபத்து விளக்குகள் எல்லாம் போட்டாகிவிட்டன. அதோடு ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் எமது பெருமதிப்புக்குரிய…"

திரைக்கு முன்னால், மேடை விளிம்பில், சண்முகலிங்கம் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நவரட்ணம். விளக்கேற்ற வேண்டிய மற்றவர்களை அறிவிப்பாளர் பட்டம் பதவியோடு ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். கீழே வயலின்கள் வாசித்துக்கொண்டிருந்தன.

எங்களுடைய ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. எங்கள் விழாக்களில் விருந்தினர் வரும்வரைக்கும் வாத்தியக்காரர் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். சனம் கதைக்கும், பிள்ளைகள் ஓடும், ஒருவரும் கேட்பதில்லை. விருந்தினர் வந்ததும் வாசிப்பு நிற்கும். அதன் பிறகுதான் நிகழ்ச்சி. திரை மூடிக் கிடக்கிறது, ஒருவரும் பாடவில்லை. ஆகவே சண்முகலிங்கத்தின் கணக்கில் இன்னும் எதுவும் தொடங்கவில்லை. இரண்டு வருட உழைப்பின் முதல் ஒன்பது நிமிடம் அவருக்கு வாசலில் போடுகிற கசெற்றாகத்தான் கேட்டது.

முன்னிசை முடிவை நெருங்கியது. திரையின் கிழிசலில் கண்ணை வைத்துக்கொண்டிருந்த வாகீசன், "அன்ரி நிப்பாட்டேல்லை" என்று கிசுகிசுத்தார். அன்ரி கோலை இறக்கவில்லை. அந்தச் சுரக்கூட்டுக்கு முந்திய இடத்தில், இடது கையால் பக்கங்களை மொத்தமாகத் திருப்பி முதலாம் பக்கத்துக்குப் போனார். முதல் வயலின்காரக் கிழவர் ஒரு கணம் அன்ரியைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்தையும் திருப்பினார். மற்றவர்களும் திருப்பினார்கள். முன்னிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, இந்த முறை இன்னும் உரத்து.

அறிவிப்பாளர் குரலை உயர்த்தினார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஒன்றும் எடுபடவில்லை. சண்முகலிங்கம் படியிறங்கி அன்ரியின் பக்கத்தில் போய் நின்றார். அங்கே நடந்த பேச்சு இரண்டாம் வரிசையில் இருந்த அமிர்தநாதருக்கு ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

"அன்ரி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. டொக்டர் வந்திட்டார்."

அன்ரி திரும்பவில்லை. கை அசைந்துகொண்டே இருந்தது. "நான் தொடங்கியிட்டன்."

"எங்கை தொடங்கினியள்? திரை மூடித்தானே கிடக்குது."

"சண்முகலிங்கம், உம்மடை காது திறந்துதானே கிடக்குது."

"ரெண்டு நிமிசம் அன்ரி. விளக்கை ஏத்தியிட்டு இறங்கியிடுவம்."

"இறங்கினாத்தான் நான் அடுத்த இடத்துக்குப் போவன். இல்லாட்டில் விடியுமட்டும் இதைத்தான் வாசிப்பன். எனக்கு அலுக்காது."

முதலில் இறங்கியவர் நவரட்ணம். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அந்த மேடையில் நின்றவர்களில் வெட்கம் வந்தவர் அவர் ஒருவர்தான். கையில் இருந்த மெழுகுதிரியால் ஒரு திரியைக் கொளுத்தினார், வாத்தியக் குழுவைப் பார்த்துக் கைகூப்பினார், இறங்கிப் போய்த் தன் கதிரையில் இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். அன்புராசா ஓடிப்போய் மண்டபத்து விளக்குகளை அணைத்தார். இரண்டாவது முறை முன்னிசை முடிவுக்கு வந்தபோது அந்தச் சுரக்கூட்டு வந்தது, நின்றது, நாங்கள் அதைப் பிடித்தோம். திரை விலகியபோது அறிவிப்பாளர் இன்னும் மேடையில் நின்று ஒரு வசனத்தின் நடுவில் இருந்தார். உப்பளத்துப் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நிரோஷினி பாடிக்கொண்டே குத்துவிளக்கைத் தூக்கி, முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போவதுபோல ஓரமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் குறுக்கிடவில்லை. முதல் அங்கமும் இரண்டாம் அங்கமும் கடைசிச் சுரம்வரை அன்ரியின் கையில் இருந்தன. அவர் அன்றைக்கு எப்படி நடத்தினார் என்று எழுத எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்லலாம்: வாகீசனின் கடைசிப் பாட்டில் அந்த நீண்ட சுரம் அசையாமல் நின்றது. அன்ரியின் உதடு "சரி" என்று அசைந்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம்.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. உடனே சண்முகலிங்கம் மைக்கை எடுத்தார். நடக்காமல் போன எல்லாப் பேச்சும் அப்போது நடந்தது. பொன்னாடைகள் வந்தன. மண்டபம் எடுத்துத் தந்தவருக்கு ஒன்று, ஒலி அமைத்தவருக்கு ஒன்று, சிற்றுண்டி தந்த கடைக்காரருக்கு ஒன்று. வாத்தியக் குழுக்காரர் தங்கள் பெட்டிகளை மூடி, தங்களில் ஒருவருக்கும் விளங்காத பேச்சுக்கு மரியாதையாகக் காத்திருந்தார்கள். அன்ரியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப்பக்கச் செய்தி வந்தது. விளக்கேற்றியவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. "விளக்கேற்றலின்போது வாத்தியக் குழுவினர் இடைவிடாது வாசித்து இடையூறு விளைவித்தமை வருந்தத்தக்கது" என்றும் இருந்தது. ஒப்பெராவை இடையூறு செய்தது விளக்கு என்று எழுத, அந்தப் பத்திரிகையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே வாரம் மன்றம் இரண்டாவது சனிக்கிழமையை மாற்றியது. ஒப்பெரா இல்லை, அதற்குப் பதிலாகக் "கலை மாலை". எங்களில் விருப்பமுள்ளவர்கள் வந்து கீபோட்டோடு இரண்டு பாட்டுப் பாடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்ரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டால் முழுவதையும் போடுவது பற்றி யோசிக்கலாம் என்றும் சேதி வந்தது. அன்ரி மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

எங்களுக்குள் பிரச்சினை வந்தது. முதல் சனிக்கிழமை வேலையால் வரமுடியாமல் போன பெற்றோர், மனைவிமார், சகோதரங்கள் பலர் அடுத்த சனிக்கிழமைக்கென்று காத்திருந்தார்கள். நிரோஷினியின் தாய் அவர்களில் ஒருவர். இரண்டு பாட்டாவது அவர்கள் கேட்கட்டும் என்று சிலர் சொன்னார்கள், வாகீசனும் சொன்னார். போனால் அது அன்ரியின் முகத்தில் துப்புவதற்குச் சமன் என்று நிரோஷினி சண்டை பிடித்தாள். அன்ரி இரண்டு பகுதியையும் கேட்டுவிட்டு, போக விரும்புகிறவர்கள் வியாழக்கிழமை தன் வீட்டுக்கு வரட்டும், அந்த இரண்டு பாட்டையும் பார்ப்போம் என்றார்.

"மன்றத்து ஆக்களுக்காக நீங்கள் ஏன் மினக்கெடுறியள்?" என்று நிரோஷினி கேட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவையளுக்காக இல்லை பிள்ளை. என்ரை ஆக்கள் பிழையாய்ப் பாடக்கூடாது."

வியாழக்கிழமை அவர்களை வைத்து வழமைபோல வறுத்தெடுத்தார். கீபோட்டுக்காரர் எந்த வேகத்தில் இழுத்தாலும் விழாமல் நிற்கப் பழக்கினார். சனிக்கிழமை அவர் போகவில்லை.

சனிக்கிழமை பேச்சுகள் நீண்டன. பாடப் போனவர்கள் உப்பளத்து உடுப்போடு மேடை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். மண்டபம் மூடுகிற நேரம் வந்ததும் பள்ளிக்கூடத்துக் காவலாளி விளக்குகளை அணைக்கத் தொடங்கினார். அப்போது சண்முகலிங்கம் நன்றியுரையில் இருந்தார். இரண்டு பாட்டில் ஒன்றுகூடப் பாடப்படவில்லை. மகள் வராவிட்டாலும் பாட்டையாவது கேட்போம் என்று வந்திருந்த நிரோஷினியின் தாய் முன்வரிசையில் இருந்து எழுந்து, ஒன்றும் கேளாமல் வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் இசை அறைக்கு வந்தோம். போனவர்களும் வந்தார்கள், போகாதவர்களும் வந்தார்கள். போனவர்கள் அன்ரியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். நடந்ததை வாகீசன்தான் சொன்னார். அன்ரி பியானோவின் மூடியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பாட விடேல்லை எண்டு ஒருத்தரும் அவரிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேட்டனாங்கள் அன்ரி. அடுத்த வருசம் பாப்பம் எண்டு சண்முகலிங்கம் சொன்னவர்."

"அடுத்த வருசம் நான் அவரிட்டைப் போகமாட்டன்" என்றார் அன்ரி. "அவரின்ரை மண்டபமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஆனால் உங்கடை வீட்டு ஆக்கள் இதைக் கேக்கத்தான் வேணும். இரண்டு பாட்டில்லை. முழுக்க. ஆருக்காவது ஒரு இடம் தெரியுமோ?"

வாத்தியக் குழுவை மறுபடி கூப்பிட வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பியானோவோடு என்றால் எங்கேயும் பாடலாம். ஒருவர் கோவில் நிலவறை என்றார். ஞாயிறு முழுவதும் அங்கே வகுப்பு. கடைசியில் நிரோஷினி, தங்கள் அப்பார்ட்மென்ரில் கீழே பார்ட்டி ரூம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுக்கலாம், அம்மா அடுத்த மாடியில் நின்றாலே கேட்கும் என்றாள்.

"பியானோ இருக்கோ?"

"இருக்கு அன்ரி. பழசு. ஆரோ விட்டிட்டுப் போனது. அதிலை ரெண்டு கட்டை வேலை செய்யாது."

அன்ரி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இசைப் புத்தகத்தைப் பியானோவில் விரித்து வைத்து, பென்சிலைத் தேடினார்.

"எந்த ரெண்டு?" என்று கேட்டார்.